கம்பி ஏன் இரைகிறது?

எங்க தோட்டத்தின் குறுக்கே 400 கிலோவோல்ட் லைன் போகிறது. தூறல் விழுந்தாலும் மார்கழிப் பனி இறங்கினாலும் கம்பி 'உஸ்ஸ்' என்று இரையும். பண்ணையைப் பார்க்க வருகிற உழவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்னங்க இது, கரண்டு ஒழுகுதா?"

ஒரு வகையில் ஆமாங்க. இதற்குக் கொரோனா என்று பெயர். நோய்க்கு வெகுகாலம் முன்பே மின்துறையில் புழங்கிய சொல். காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்று படித்திருக்கிறோம். ஆனால் சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட் என்ற அளவு வந்துவிட்டால் காற்றும் கடத்த ஆரம்பித்துவிடும். கம்பியை ஒட்டிய காற்றில் நடப்பது இதுதான். நீர்த்துளி, பறவை எச்சம், கீறல் இருக்கும் இடத்தில் அது இன்னும் சுலபமாக நடக்கும். அதனால்தான் மழையில் சத்தம் கூடுகிறது. நல்ல இருட்டில் ஊதா ஒளிகூடத் தெரியும். இதைக் குறைக்கத்தான் ஒற்றைக் கம்பிக்குப் பதிலாக இரண்டு, நான்கு என்று சேர்த்துக் கட்டுகிறார்கள்.

கொரோனாவால் ஓசோன் உண்டாவது உண்மை. ஆனால் அளவு குறைவு, காற்றில் கலைந்துவிடும். பயிர் கருகுவதற்கு அதைக் காரணம் சொன்னால் அதிகாரிகள் சுலபமாக மறுத்துவிடுவார்கள்.

லைனுக்கு அடியில் டியூப்லைட்டைப் பிடித்தால் எரிகிறதே, அது கொரோனா இல்லை. கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தின் வேலை. நாம் தினமும் கவனிக்க வேண்டியது இந்த மின்புலத்தைத்தான். தரையோடு தொடர்பில்லாத கம்பி வேலி, தகரக் கூரை, டிராக்டர் எல்லாவற்றிலும் அது மின்னூட்டம் ஏற்றும். தொட்டால் சுரீர் என்கும்.

இதற்கு நாம் செய்யக்கூடியவை:

வேலிக்கும் தகரக் கொட்டகைக்கும் ஆங்காங்கே எர்த் போடுங்கள். லைனுக்கு அடியில் வண்டிக்கு டீசல் ஊற்ற வேண்டாம்.

அலுமினியக் குழாயை நட்டுக்குத்தலாகத் தூக்காதீர்கள். இரும்புத் தொரட்டியும் அப்படித்தான். கம்பியைத் தொடாமலே மின்சாரம் தாவும். ரெயின்கன் தண்ணீர் கம்பியை எட்டக் கூடாது.

கரும்புச் சோகையை லைனுக்கு அடியில் எரித்தால் தீயும் புகையும் மின்சாரத்துக்குப் பாதை ஆகிவிடும். நாமோ சோகையை மூடாக்காகப் போடுகிறவர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

தேனீப் பெட்டியைத் தள்ளி வையுங்கள். அமெரிக்காவில் 765 கிலோவோல்ட் லைனுக்கு அடியில் வைத்த பெட்டிகளை ஆராய்ந்து 1981-ல் முடிவு வெளியிட்டார்கள். தேனீக்கள் தடுமாறின, தேன் சேர்ப்பு குறைந்தது. எர்த் செய்த கம்பி வலையால் பெட்டியை மூடியதும் அந்தப் பாதிப்பு நின்றது.

மஞ்சள், கடலை, காய்கறி, தீவனப்புல் எல்லாம் அடியில் தாராளமாக வரும். தென்னை வைக்க முடியாது. எங்களுக்கு உண்மையான இழப்பு இதுதான். பட்டா நம் பெயரில் இருக்கும். மரம் வைக்கவோ வீடு கட்டவோ முடியாது. உணவுக்காடு போட நினைத்த நிலம் காலாகாலத்துக்கும் குட்டைப் பயிர் நிலமாகிவிடும். 2018-19-ல் கொங்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உழவர்கள் போராடியதும் இதற்காகத்தான். ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் லைன் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

நிலத்துக்குள் நுழைய அவர்கள் காட்டும் அதிகாரம் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து வந்தது. ஒன்றிய மின்துறை 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில் கோபுர அடி நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்தது. 2024-ல் அது முறையே 200, 30 சதவீதமாக உயர்ந்தது. நடைமுறைப்படுத்துவது மாநில அரசின் கையில்.

உங்க ஊரில் அளவுக்கல் நட வந்தால் முதலில் பாதை வரைபடத்தைக் கேளுங்கள். நிற்கும் மரங்களை வயதோடு எண்ணி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். மனுவைத் தனியாகக் கொடுக்காமல் ஊராகச் சேர்ந்து கலெக்டரிடம் கொடுங்கள். கம்பி இரைகிறது என்று எழுதினால் மனு நிற்காது. எத்தனை தென்னை போகிறது, எத்தனை சென்ட் முடங்குகிறது என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.