தாழ்ந்த காரும் உயர்ந்த வானும்

விரைந்து பாயும் சிறு கார்களிலே இருபது ஆண்டுகள் மோகங்கொண்டிருந்த நாம், சென்ற சித்திரையில் ரொயோட்டா நோவா வான் ஒன்றை வாங்கினோம். புதியதன்று, 2020 இல் இறக்குமதி தடைப்பட்டபின் ஏறிய விலை, 2025 இல் தடை நீங்கியும் ஆசிரியர் சம்பளத்துக்கு இறங்கிவரவில்லை.

முதற் கிழமை மனம் கசந்தது. முன்பிருந்த இரு கதவு ஹொண்டா சிவிக் வளைவுகளில் நிலத்தைப் பற்றிக்கொண்டு திரும்பும். உயர்ந்த வாகனம் எதுவும் வெளிப்புறம் சாயுமாதலால், திருப்பத்துக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் செல்கையில், ஆனையிறவிலே சோளகக் காற்றுப் பக்கவாட்டில் மோத, சுக்கானை இறுகப் பற்றினோம்.

அன்று அன்னையாரும் உடன் வந்தார். முழங்கால் நோவுள்ளவர். சிவிக்கிலோ முன்னாசனத்தை மடித்து, குனிந்து, பின்னே நுழைய வேண்டும். "எனக்கு வீடுதான் சுகம், நீங்கள் போட்டு வாங்கோ" என்பார். அவருக்குப் பயணத்தில் விருப்பமில்லை என்றே நம்பியிருந்தோம். அவ்வாறு நம்புதல் எமக்கு வசதியாயும் இருந்தது. இவ்வானிலே இயந்திரம் முன்சில்லுகளைச் சுழற்றுவதால் தளத்தின்கீழ் நீண்ட இயக்கத்தண்டு இல்லை. தளம் தாழ்ந்து சமமாயுள்ளது. பக்கக் கதவை இழுத்துத் திறந்ததும், எம் கையைப் பிடித்து ஒரே அடியில் ஏறி அமர்ந்தார்.

பரந்தன் கடந்ததும் பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயர்களைச் சொல்லத் தொடங்கியவர், புதுக்குடியிருப்பு வரை ஓயவில்லை. திரும்பிவந்து இறங்கும்போது, "தம்பி, அடுத்த முறை திருக்கேதீச்சரத்துக்குப் போவமோ?" என்றார்.

சிவிக்கை வாங்கியவர் நேற்று எம் வீதியாற் சென்றார். ஒலி கேட்டதும் படலைவரை ஓடிப் பார்க்கவே செய்தோம்.