பழைய புல்லட்டுக்கு ரியர் செட்

ஓட்டுபவரின் ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர், பிரேக் பெடல் ஆகியவற்றைப் பழைய இடத்திலிருந்து பின்னுக்கும் சற்று மேலுக்கும் நகர்த்திப் பொருத்துவதே ரியர் செட். தாழ்ந்த ஹேண்டில்பாரைக் குனிந்து பிடிக்கும்போது கால் முன்னால் இருந்தால் இடுப்பு மடங்கி, உடல் எடை மணிக்கட்டில் இறங்கும். கால் பின்னே போனால் அந்த எடையில் ஒரு பங்கைத் தொடையும் பாதமும் தாங்கும். வளைவில் வண்டி சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசுவதும் குறையும்.

ரேஸ் வண்டிகளில் பிறந்த இந்த ஏற்பாட்டை, 1950களிலும் 60களிலும் இங்கிலாந்து இளைஞர்கள் சாலை வண்டிகளுக்குக் கொண்டுவந்தார்கள். ராயல் என்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட கான்டினென்டல் ஜிடி 250 இந்தப் பாணியில் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டோ நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியாகவே நீடித்தது. 2018இல் வந்த இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான். ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்ட்டும் இருக்கும் இடம் வேறு. இரண்டிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் போதும், வித்தியாசம் புரிந்துவிடும்.

திண்டுக்கல் சமவெளியில் இந்த மாற்றத்தால் பெரிய லாபம் இல்லை. கரூருக்கோ மதுரைக்கோ போகும் நாற்கரச் சாலை பெரும்பாலும் நேர்ச்சாலை. ஃபுட்ரெஸ்ட் உரசும் அளவுக்கு வண்டியைச் சாய்க்க சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குத்தான் போகவேண்டும். ஹேண்டில்பாரை உயரமாகவே விட்டுவிட்டுக் காலை மட்டும் பின்னே தள்ளினால் முழங்கால்தான் நோகும். ஹேண்டில்பாரைத் தாழ்த்தியவர்களுக்கே ரியர் செட் பயன்படும்.

பழைய புல்லட்டில் கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய வண்டிகளுக்காக விற்கும் செட்டை வாங்கினால் பக்கம் மாறிப்போகும். புதிய லீவரையும் கியர் ஷாஃப்டையும் ஒரு இணைப்புக் கம்பி சேர்க்கும். அந்தக் கம்பி பிடிக்கும் இரண்டு கைகளும் மேல்நோக்கியோ, இரண்டும் கீழ்நோக்கியோ இருந்தால் கியர் பழைய வரிசையிலேயே விழும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றால் வரிசை தலைகீழாகும். பழகிய கால் அவசரத்தில் தவறான கியரைப் போட்டுவிடும். கிக்கரும் வலப்பக்கமே என்பதால் அது இறங்கும் வழியில் ஃபுட்ரெஸ்ட் நிற்கக்கூடாது. மடக்கும் வகைதான் வேண்டும். பழைய யெஸ்டியில் கிக்கரே கியர் லீவராகவும் இருப்பதால் அங்கே வேலை இன்னும் சிக்கல்.

உயிர் சம்பந்தப்பட்ட இடம் பிரேக்தான். பாதம் மிதிக்கும் இடத்திலிருந்து பெடலின் அச்சு வரை 200 மி.மீ., அச்சிலிருந்து பிரேக் கம்பி மாட்டும் துளை வரை 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ அழுத்தம் கம்பியில் 40 கிலோ இழுப்பாக மாறும். ரியர் செட்டில் பெடல் 120 மி.மீ. ஆகச் சுருங்கி, துளை மட்டும் அதே 50 மி.மீ.யில் இருந்தால் இழுப்பு 24 கிலோவுக்கு இறங்கிவிடும். பழைய பலம் கிடைக்கத் துளையை 30 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். இன்னொன்றைப் பல பட்டறைகள் கவனிப்பதில்லை. பின்சக்கரம் ஸ்விங் ஆர்மின் அச்சை மையமாக வைத்து ஏறி இறங்குகிறது. பிரேக் கம்பியின் முன்முனை அந்த அச்சைவிட்டு வெகுவாக விலகினால், வேகத்தடையில் சக்கரம் ஏறும்போது பிரேக் தானாகப் பிடிக்கும், அல்லது தளரும். பின்சீட்டில் ஒரு ஆளை உட்காரவைத்து, வண்டியைத் தள்ளிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பிரேக் லைட் சுவிட்சையும் புதிய பெடலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் உலோக வேலை புதிதல்ல. லேத்தும் வெல்டிங்கும் உள்ள பட்டறையில் தகடு வெட்டித் தரச்சொல்லலாம். முதலில் அட்டையில் அளவெடுத்து வெட்டிப் பார்ப்பது நல்லது. ஃப்ரேமில் துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடாது. ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் தகட்டை இரண்டு இடங்களில் பிடிக்கவேண்டும். ஒரே போல்ட்டில் தொங்கும் தகடு, எழுந்து நின்று ஓட்டும்போது திரும்பிவிடும். சில பழைய வண்டிகளில் பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட் ஸ்விங் ஆர்மிலேயே இருக்கும். அது சக்கரத்தோடு ஆடுவதால் அங்கே ரியர் செட்டைப் பொருத்தவே கூடாது.

பின்சீட் இருக்கும் வண்டியில் அதற்கான ஃபுட்ரெஸ்ட் இருந்தாக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. ரியர் செட்டுக்காக அதைக் கழற்றி எறிவது குற்றம். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக எடுத்துவையுங்கள்.