பழைய சோபாவும் அம்மாவின் ஸ்டூலும்

(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவர்)



மலருக்குக் கவிதை எழுதித் தரலாம் என்றுதான் போனேன். ஏற்கெனவே ஏகப்பட்ட கவிதை வந்து குவிந்திருக்கிறதாம். முக்கால்வாசி நிலாவைப் பற்றி! ஆகவே நான் கையால் செய்து பார்த்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பழைய சோபா, பழைய மெத்தையில் இருந்து குஷன் செய்வது.

என் அம்மா வீட்டிலேயே பாவாடை தைப்பவர். பீஸ் ரேட். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு வரை அந்தக் கால்மிதி மெஷினும் மர ஸ்டூலும்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். என் ஃபீஸ் அந்த ஸ்டூலில் இருந்துதான் வருகிறது. போன வருடம் அம்மா எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, "ரொம்ப நேரம் உட்காராதீங்க" என்றார்கள். உட்காராமல் எப்படித் தைப்பது?

நாம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படிக்கிறோமே, எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று, அதுதான் இங்கேயும். வெறும் பலகையில் உட்கார்ந்தால் உடம்பின் பாரம் இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில் இறங்குகிறது. குஷன் கொஞ்சம் அமுங்கி, அந்தப் பாரத்தைத் தொடை வரை பரப்பி விடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

கடையில் விலை கேட்டுவிட்டு வந்த அன்றே, எங்கள் தெரு முனையில் யாரோ ஒரு சோபாவைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். கேட்டுவிட்டு எடுத்து வந்தேன். "யாரு படுத்ததோ, எப்படிப் போனாங்களோ" என்று அப்பத்தா வாசலிலேயே தடுத்துவிட்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று. தையல் ஓரங்களில் கரும்புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி என்று அர்த்தம். அதை வாசலில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

ரெக்ஸினைக் கிழித்து, ஸ்க்ரூ டிரைவரால் பின்களை நெம்பினால் உள்ளே ஒரு உலகமே இருக்கிறது. சாக்கு, வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங், ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தேங்காய் நார், மேலே ஃபோம். இந்த ஃபோம் பாலியூரித்தேன். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் குழுவும் கண்டுபிடித்த சரக்கு. வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி, நாளாவட்டத்தில் மாவாக உதிரும். கட்டை விரலால் அமுக்கி விடுங்கள். உடனே எழுந்தால் நல்லது. குழி நின்றால் தூரப் போடுங்கள். உட்காரும் இடத்து ஃபோம் முழுக்கப் போயிருந்தது. முதுகு சாயும் பக்கத்தில் இருந்தது புதிதுபோல் கிடைத்தது!

முதலில் நான்கு இஞ்ச் ஃபோமை அப்படியே உறை போட்டுக் கொடுத்தேன். பெருமைதான். சாயங்காலம் பார்த்தால் அம்மாவுக்கு இடுப்பு வலியோடு கெண்டைக்கால் வலியும். ஸ்டூல் உயர்ந்துவிட்டதால் குதிகால் மிதியில் படவில்லை. நுனிக்காலால் மிதித்துத் தைத்திருக்கிறார். நான் பாரத்தைப் பார்த்தேனே தவிர மிதியைப் பார்க்கவில்லை. "ஸ்டூல் காலை அறுத்துடேன்டா" என்றார் அம்மா, சர்வ சாதாரணமாக. எனக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டாவது முறை அடியில் ஒரு இஞ்ச் நார், அதன்மேல் இரண்டு இஞ்ச் ஃபோம். நார் அதிகம் அமுங்காது, ஆகவே எலும்பு பலகையைத் தொடாது. ஃபோம் மட்டும் என்றால் சூடு ஏறி வியர்க்கும் என்பதால் மேலே அரை இஞ்ச் இலவம் பஞ்சு. வீட்டுப் பழைய மெத்தையில் கட்டி தட்டிக் கிடந்ததுதான். போடிநாயக்கனூர்ப் பக்கம் அதிகம் விளைகிறதே, அந்தப் பஞ்சு. இதன் இழை உள்ளே கூடான குழல், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்கே இதை அடைத்தார்கள். குழல் நசுங்கினால் கட்டி தட்டும். வெயிலில் காயப் போட்டு, கையால் பிரித்து, குச்சியால் அடித்தால் பெரும்பாலும் உப்பி வரும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டாமல் இரண்டு நாள் தும்மினேன். பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டியது அம்மா.

உறையும் அம்மாவின் கணக்குதான். 14 இஞ்ச் குஷனுக்குத் துணியும் 14 இஞ்சே வெட்ட வேண்டுமாம். சுற்றிலும் அரை இஞ்ச் தையலுக்குப் போனால் 13 நிற்கும். அப்போதுதான் சுருக்கம் விழாமல் இறுக்கிப் பிடிக்கும். பக்கவாட்டுப் பட்டி தனி. அம்மா படித்தது ஐந்தாவது.

அம்மாவை உட்காரவைத்து அளந்தேன். மூன்றரை இஞ்ச் குஷன் இரண்டரையாக நின்றது. ஸ்டூல் கால்களில் அதே இரண்டரையை அறுத்தேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஃபோம் சீக்கிரம் தீப்பிடிக்கும், புகை விஷம். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். மிச்சத்தைக் கொளுத்தவும் வேண்டாம்.

வலி அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. மதியச் சாப்பாட்டுக்குச் சுவரைப் பிடிக்காமல் எழுகிறார். ராத்திரி இன்னும் பிடிக்கத்தான் செய்கிறார். மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள் என்றால், "எத்தனை பீஸ் போகும் தெரியுமா?" என்கிறார்.

நல்ல ஃபோம் இன்னும் இரண்டு குஷனுக்கு இருக்கிறது. ஹாஸ்டல் ஸ்டூலுக்கு வேண்டும் என்பவர்கள் எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து கேட்கலாம். துணி நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.