கலத்தின் வாயிலில் ஒரு காவல்

2006ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கிலும் கிழக்கிலும் சிக்குன்குனியா பரவியதை நேயர்கள் பலர் மறந்திரார். காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது. மூட்டுவலியோ சிலரை மாதக்கணக்காக விட்டபாடில்லை. 1952இல் தங்கனீக்காவின் தென்பகுதியில், அதாவது இன்றைய தன்சானியாவில், இந்நோய் பரவியபொழுது, அங்குள்ள மக்கொண்டே மக்களின் மொழியிலிருந்தே 'வளைந்து போதல்' எனும் பொருளுடைய இப்பெயர் பிறந்தது. நோயாளியின் கூனிய நடையைக் கண்டவர் வேறு பெயர் நாடார்.

இதற்கெனத் தனி மருந்து இன்றுமில்லை. ஓய்வும் வலி தணிக்கும் குளிசையுமே துணை. வைரசு தனித்துப் பெருக வல்லதன்று. நுளம்பு கடித்த வழியே வந்து, நம் உடற்கலத்தினுட் புகுந்து, அக்கலத்தின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்குகின்றது. புகுவதற்கு முன்னரோ, கலத்தின் புறத்தேயுள்ள ஒரு புரதத்தை அது பற்றியாக வேண்டும். அப்புரதத்தை வாங்கி என்பர். கதவிலுள்ள பூட்டுக்கு அதனை ஒப்பிடலாம். கள்வனுக்காக எவரும் பூட்டுச் செய்வதில்லை. கள்ளச்சாவி வைத்திருப்பவன் அவனே.

அப்பூட்டு எது? ஐக்கிய அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2018இல் விடை கண்டனர். சுண்டெலிக் கலங்களிற் பல்லாயிரம் பரம்பரையலகுகளை, கலத்துக்கு ஒன்றாகச் செயலிழக்கச் செய்து, அவற்றின்மேல் வைரசை ஏவினர். பெரும்பாலன தொற்றுக்கு ஆளாயின. தப்பியவற்றுள் தேடியபொழுது அகப்பட்டது எம்.எக்ஸ்.ஆர்.ஏ.8 என்னும் புரதம். மயாரோ, ரொஸ் றிவர், ஓ நியொங் நியொங் எனும் இனவைரசுகளும் அதே வாயிலையே நாடின. ஒரு தாழ்ப்பாள், கள்வர் பலர்!

அடைப்பதற்கு வழி இரண்டு. பூட்டின்மேற் பொருந்தும் பிறபொருளெதிரியைச் செலுத்தி வாயிலை மறைக்கலாம். அன்றேல், அதே புரதத்தை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் குருதியில் விடலாம். வைரசு அப்போலிப் பூட்டைப் பற்றிக்கொண்டு ஏமாறும். இரண்டும் சுண்டெலிகளிற் தொற்றையும் மூட்டு வீக்கத்தையும் குறைத்தன. முன்னையது நம் உடலுக்குரிய புரதத்தையே மூடுவதால், அப்புரதத்தின் இயல்பான பணி தடைப்படக்கூடும். ஆதலின் போலிப் பூட்டே எனக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது.

இயற்கை இவ்வித்தையை முன்னரே அறிந்திருந்தது என்பது வியப்பு. மாட்டினத்தின் இதே புரதத்தில் 15 அமினோ அமிலங்கள் மிகையாகச் செருகப்பட்டுள்ளன. அதனால் வைரசு அதனைப் பற்ற இயலாது. ஆய்வாளர் அச்செருகலை நீக்கியவுடன் பற்றியது; சுண்டெலியின் புரதத்திற் செருகியபொழுது அங்கும் பிடி நழுவியது.

நிற்க. இப்புரதம் அற்ற சுண்டெலிகளிலும் தொற்று மிகக் குறைந்ததேயன்றி முற்றாக ஒழியவில்லை. புறவழியும் உண்டு போலும். மனிதர்க்குரிய மருந்தாக இம்முறை இன்னும் வந்திலது. டெங்குக்கும் இது உதவுமோ என வினவுவோர் உளர். உதவாது. ஒரே நுளம்பு இரண்டையும் சுமந்து வரினும், டெங்கு வைரசு வேறு குடும்பத்தது. அது ஒற்றை வாயிலை நம்பியிருப்பதுமில்லை.