வில்வக்காய் பேதியை நிறுத்துமா? ஆய்வுக்கூடம் சொல்வது என்ன?

கேரளத்தின் இடுக்கி மலையிலுள்ள சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தேனி மாவட்டம்தான் பூர்வீகம். பிள்ளைக்கு வயிற்றால் போனால் கொய்யாக் கொழுந்து, மாதுளைத் தோல், வில்வக்காய் என்று கைக்கு எட்டியதைக் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் மலையிலும் உண்டு, அடிவாரத்திலும் உண்டு. இவை உண்மையிலேயே கேட்கின்றனவா? அதைச் சோதிக்கும் முறை தெரிந்தால், 'ஆய்வில் நிரூபணமான மூலிகை' என்று வரும் செய்திகளை நாமே எடைபோடலாம்.

முதலில், செடி சரியான செடிதானா என்று பார்க்க வேண்டும். சீதபேதிக்குப் பேர்போன குடசப்பாலைப் பட்டை என்று சொல்லி வெட்பாலைப் பட்டையை விற்பது பழைய சங்கதி. அதனால் இலை, பூவோடு உலர்த்திய மாதிரியைத் தாவரவியல் வல்லுநரிடம் காட்டி உறுதி செய்துகொள்வார்கள். அடுத்தது சாறு எடுப்பது. வீட்டில் நாம் தண்ணீரில் காய்ச்சுகிறோம். ஆய்வுக்கூடங்களிலோ பெரும்பாலும் மெத்தனாலில் ஊறவைத்து இறக்குகிறார்கள். இரண்டிலும் இறங்கும் சத்து ஒன்றல்ல. மெத்தனால் சாற்றில் கிடைத்த முடிவை அப்படியே நம் வீட்டுக் கஷாயத்துக்குப் பொருத்த முடியாது.

பிறகு எலிச் சோதனை. இரவு முழுக்கப் பட்டினி போட்ட எலிகளில் சிலவற்றுக்கு மூலிகைச் சாறு, சிலவற்றுக்குப் பேதியை நிறுத்தும் லோபராமைடு மருந்து, சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். கூண்டுக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து, நாலு மணி நேரம் ஈரக்கறைகளை எண்ணுவார்கள். இன்னொரு சோதனையில் கரித்தூள் கலந்த கஞ்சியைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் கறுப்பு குடலில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளப்பார்கள். கறை குறைந்தால், கரி மெதுவாக நகர்ந்தால், சாறு வேலை செய்கிறது என்று கட்டுரை எழுதிவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. விளக்கெண்ணெயால் வரும் பேதியில் கிருமி கிடையாது. தோட்டத்துப் பிள்ளைக்கு வருவதோ பெரும்பாலும் அசுத்தத் தண்ணீரிலிருந்து வரும் கிருமிப் பேதி. குடலைக் கட்டிப்போட்டால் கிருமி உள்ளேயே தங்கிவிடும். சிறு குழந்தைகளுக்கு லோபராமைடு கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரியான கேள்வியைக் கேட்ட ஆய்வும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மும்பையின் ஃபவுண்டேஷன் ஃபார் மெடிக்கல் ரிசர்ச் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட வில்வக்காய் ஆய்வு அது. மெத்தனாலைத் தொடாமல், பிஞ்சு வில்வக்காயைத் தண்ணீரில் கஷாயமாகவே காய்ச்சினார்கள். சோதித்த ஆறு பாக்டீரியா வகைகளில் ஒன்றைக்கூட அது கொல்லவில்லை. சாதாரண ஆய்வாக இருந்தால் 'பயனில்லை' என்று அங்கேயே முடித்திருப்பார்கள். இவர்கள் மேலே போனார்கள். பாக்டீரியா மனித உயிரணுக்களில் ஒட்டுவதையும் உள்ளே நுழைவதையும் கஷாயம் வெகுவாகக் குறைத்தது. காலரா நச்சு போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அதை ஒட்டவிடாமல் தடுத்தது. பேதி உண்டாக்கும் ஜியார்டியா ஒட்டுண்ணியையும் ரோட்டா வைரஸையும் செயலிழக்கச் செய்தது. ஈ.கோலி கிருமியின் ஒருவகை நச்சிடம் மட்டும் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. எது எதில் உதவும், எதில் உதவாது என்று பிரித்துச் சொல்லும் ஆய்வுதான் பயன்படும்.

ஆனால் இது கண்ணாடித் தட்டில் கண்ட முடிவு. மனிதரிடம் சோதித்துத் தேறிய மூலிகை மருந்துகள் மிகச் சில. அமேசான் காட்டு மரம் ஒன்றின் சிவப்புப் பாலிலிருந்து எடுத்த குரோஃபெலமர் மருந்துக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி தந்தது. அதுவும் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுவோருக்கு வரும் கிருமியில்லாப் பேதிக்கு மட்டுமே.

பேதியில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் உடம்பு நீர் வற்றுவதுதான். 1971 வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலை வாய்வழி கொடுத்ததில், 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எந்த மூலிகையும் இன்றுவரை இதற்கு ஈடாகவில்லை.

ஆகவே பெரியவர்கள் வில்வக் கஷாயம் குடிக்கலாம், தவறில்லை. பிள்ளைகளுக்கு முதலில் அந்த உப்பு சர்க்கரைக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் சொன்ன அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நடுவில் நின்றுவிட்டாலும் மொத்தம் 14 நாள் முழுதாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, கண் குழிந்து பிள்ளை துவண்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காமல் ஜீப்பைப் பிடித்து மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.