கட்டுபடியாகும் காப்புறுதி

"மௌலவி, மருத்துவக் காப்புறுதி எடுக்க ஆசைதான், கட்டணம் கட்டுபடியாகவில்லையே!" என்றார் ஜும்ஆவுக்குப் பின் ஒரு சகோதரர்.

எல்லா நோய்க்கும் காப்புத் தேடினால் கட்டுபடியாகாதுதான். நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் காப்புறுதி எதற்கு? தனியார் வைத்தியசாலையில் பெரிய சத்திரசிகிச்சை என்றால்தான் நகையும் காணியும் விலைபோகின்றன. அதற்கு மட்டும் எடுங்கள். செலவின் முதற்பகுதியை நாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டால் கட்டணம் இன்னும் இறங்கும். அத்தொகையை வீட்டில் சேர்த்து வைக்க வேண்டும். இளமையிலேயே சேருவது மலிவு. சீனி வியாதி வந்தபின் போனால் பெரும்பாலும் அதனையே விலக்கிவிடுவார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது? 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு அகடமி வர்த்தகக் காப்புறுதியைத் தடுத்து, கூட்டுறவு முறையை அனுமதித்தது. ஆகவே தகாபுலை விசாரியுங்கள்.

அரச ஊழியர்களே, சம்பளச் சீட்டைப் பாருங்கள். 'அக்ரஹார'வுக்கு மாதாமாதம் கழிகிறது. பில்லை லாச்சியில் போட்டு, விண்ணப்பிக்கும் தவணையைத் தவறவிட்ட ஆசிரியர்களுள் நானும் ஒருவன்!