உங்களுக்குத் தெரியுமா? கோரிமேட்டுக்காரர்களும் கோத்தகிரியும்

புதுச்சேரியில் உயரமான இடம் எது என்று கேட்டால் பாதிப் பேர் கோரிமேடு என்பார்கள், மீதிப் பேர் லைட்ஹவுஸ் என்பார்கள். மலை பார்க்க வேண்டுமென்றால் செஞ்சிக்குப் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கும், ஏறக்குறைய நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரி வட்டாரத்துக்கும் இருநூறு வருஷத்துப் பழக்கம் உண்டு.

ஊட்டியில் முதல் பங்களா எழும்புவதற்கு முன்பே வெள்ளைக்காரர்கள் தங்கிய மலைக் கிராமம் திம்பட்டி. கோத்தகிரியை ஒட்டிய படுகர் ஊர். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819 ஜனவரியில் காட்டு வழியாக ஏறி வந்து சேர்ந்தது இந்தப் பக்கம்தான். அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு வெகுகாலம் பாழடைந்து கிடந்தது. இப்போது பழுது பார்க்கப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஊட்டிக்கு ஓடுகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இங்கே இறங்குவதில்லை என்பது என் கணிப்பு.

‘நீலகிரியைக் கண்டுபிடித்தவர் சலிவன்’ என்று பள்ளியில் படித்தோம். அவர் ஏறியபோது அங்கே தோடரும் கோத்தரும் படுகரும் குறும்பரும் இருளரும் அவரவர் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனின் தளபதி புனிசன் தோடர்களை நடுங்க வைத்ததாக 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டே இருக்கிறது. 1603-இல் மலபார்ப் பக்கத்திலிருந்து ஜேக்கப் பினிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஏறி, தோடர்களைச் சந்தித்துவிட்டு இறங்கியிருக்கிறார். குடியிருந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, கண்டுபிடித்த பெருமை கடைசியில் வந்தவருக்கு.

இனி நம்ம ஊர்க் கதை. 1816 டிசம்பரில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதே சமயத்தில் பிரெஞ்சு அரசு இங்கே அனுப்பி வைத்த தாவரவியலாளர் லெஷ்னோ தெ லா தூர். சாதாரண ஆள் இல்லை. போதேன் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருந்தவர். நோய் கண்டு திமோரில் இறங்கியவர், ஜாவாவில் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். ஆஸ்திரேலியாவில் நீல நிறத்தில் பூக்கும் ஒரு செடியினத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு அவர் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். ஏறும்போது உடம்பு முடியாமல் இருந்தவர் மேலே போய்த் தேறிவிட்டார். ‘மலைக்காற்று மருந்து’ என்று வெள்ளைக்காரர்கள் நம்பத் தொடங்கியதில் இவர் எழுதியதற்கும் பங்கு உண்டு.

நீலகிரியில் விற்கிற ‘வின்டர்கிரீன்’ தைலத்தை மோந்து பார்த்திருக்கிறீர்களா? மூட்டு வலிக்குத் தேய்க்கிற களிம்பின் வாசனை அதே வாசனைதான். இரண்டிலும் இருப்பது மெத்தில் சாலிசிலேட். அந்தத் தைலம் எடுக்கிற குறுஞ்செடிக்குத் தாவரவியலாளர்கள் வெகுகாலம் வைத்திருந்த பெயர் ‘கால்தேரியா லெஷ்னோல்டியை’. புதுச்சேரியிலிருந்து போனவரின் பெயர்தான். பிற்பாடு அதை வேறொரு இனத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்த மலை ஸ்விட்சர்லாந்தைப் போல இருப்பதாகத் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவுக்கு எழுதினார் சலிவன். அடுத்த இருபது வருஷத்துக்குள் அசல் ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒருவரே அங்கே ஏறினார். அவரும் புதுச்சேரியிலிருந்துதான் போனார். பெயர் பெரோத்தே. 1793-இல் பிறந்தவர். 1830-களில் பிரெஞ்சு அரசின் தாவரவியலாளராக இங்கே வந்து, நீலகிரியில் செடிகொடிகளைச் சேகரித்துப் பிரான்சுக்கு அனுப்பினார். நம்ம ஊரில் மறைமலை அடிகள் சாலைப் பக்கம் இருக்கிற தாவரவியல் பூங்கா 1826-இல் தொடங்கியது. அதை ஆராய்ச்சித் தோட்டமாக வளர்த்தவர் இவர். 1870-இல் இந்த ஊரிலேயே இறந்தார்.

பெரோத்தே அனுப்பியது செடிகள் மட்டும் அல்ல. சில பாம்புகளும் அவர் பெயரில் இருக்கின்றன. ஒன்று ‘பிளெக்ட்ரூரஸ் பெரோத்தேட்டி’, இன்னொன்று ‘சைலோபிஸ் பெரோத்தேட்டி’. இரண்டுக்கும் பாரீஸ் அறிஞர்கள் 1850-களில் விவரணை எழுதினார்கள். முதலாவதைத் தேயிலை, காய்கறித் தோட்டங்களில் மண்ணைக் கொத்தும்போது பார்க்கலாம். விரல் தடிமன்தான் இருக்கும், விஷம் கிடையாது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழுவைத் தின்று, முட்டையிடாமல் குட்டி போடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேட்டு நிலத்தை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. மண்வெட்டியில் சிக்கினால் பயத்தில் அடித்துக் கொல்கிறார்கள், பாவம்.

இவர்கள் ஏறிய காலத்து நீலகிரியில் சந்தை என்று பெரிதாக இல்லை, ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடந்தது. படுகர் ராகியும் சாமையும் விளைவித்தார்கள். தோடரிடம் எருமை நெய். குறும்பரிடம் தேனும் காட்டுப் பொருளும். கோத்தரிடம் இரும்புக் கருவி, மண்பானை, எல்லாவற்றுக்கும் மேலாக வாத்தியம். சாவு வீட்டுக்குக் கோத்தர் வந்து வாசித்தால்தான் அன்று காரியம் நடந்தது. பானை வனைவது கோத்தப் பெண்கள். கோத்தருக்கு மொத்தமே ஏழு ஊர்கள், அவற்றில் ஒன்று கோத்தகிரியிலேயே இருக்கிறது. படுகர்களின் ஹெத்தையம்மன் கோயில்களில் புகழ்பெற்றது கோத்தகிரிக்குப் பக்கத்துப் பேரகணியில் உள்ளது. மார்கழி, தை வாக்கில் நடக்கும் அந்தத் திருவிழாவுக்கு ஊர் ஊராக வெள்ளை உடுத்திக்கொண்டு நடந்தே வருவார்கள்.

மறுபடி புதுச்சேரிக்கு வருவோம். செயின்ட் லூயி வீதியில், கடலைப் பார்த்தபடி இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தாண்டி வாக்கிங் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே ஒரு மலையே இருப்பது தெரியும்? 1955-இல் தொடங்கிய இந்த நிறுவனம் தென்னிந்தியக் காடுகளுக்கு வரைபடம் போட்டது, உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைத்தது, மகரந்தத்தையும் சேர்த்தது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா என்ற சதுப்பு நிலம். தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத இடம் என்பதால் அங்கே விழுந்த மகரந்தத் துகள் மக்குவதில்லை, அடுக்கடுக்காகப் படிந்துகொண்டே போகும். ஒவ்வொரு செடிக் குடும்பத்தின் மகரந்தத்துக்கும் தனி வடிவம் உண்டு. சதுப்பில் துளை போட்டு எடுத்த மண்ணை அமிலத்தில் கழுவி, நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் எந்தக் காலத்தில் சோலைக்காடு இருந்தது, எப்போது புல்வெளி இருந்தது என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் செய்த அந்த ஆராய்ச்சி 1988-இல் வெளிவந்தது. நீலகிரியின் புல்வெளி யாரோ காட்டை அழித்ததால் மட்டும் வந்தது இல்லை, பருவநிலை வறண்டபோது புல் பரவியது, ஈரமானபோது சோலை பரவியது, இது பல்லாயிரம் ஆண்டுகளாக நடக்கிறது என்று இத்தகைய ஆய்வுகள் காட்டின. புல்வெளி ‘தரிசு’ என்று சொல்லி அதில் தைல மரமும் சீகை மரமும் நட்டவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் பல ஓடைகள் பிழைத்திருக்கும்.

கோத்தகிரிக்கும் புதுச்சேரிக்கும் ஒரே மழை. மேற்கே 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்துவிடுகிறது. அதனால் ஜூலையில் ஊட்டிக்கு அப்பால் கொட்டும்போது கோத்தகிரியில் சாரல்தான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரும் மழைதான் கோத்தகிரிக்குப் பெரிய மழை. அது அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை 2009 நவம்பர் காட்டியது. நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024-இல் பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரு நாளில் பெய்தது 46 செ.மீ.க்கு மேல். அதற்கே நாம் பட்ட பாடு நினைவிருக்கும். அங்கே தண்ணீரோடு மலையும் சேர்ந்து இறங்கும்.

கோத்தகிரி ஊரை ஒட்டியே ஒரு காடு இருக்கிறது. லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஆனால் கீழே இருக்கும் பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் தருவது அது. 2024 ஜனவரியில், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நமக்கு வடக்கே மரக்காணம் போகிற வழியில் இருக்கும் கழுவேலி ஏரியும் அதே பட்டியலில் சேர்ந்தது. ஒரு மலைச்சோலை, ஒரு கடலோர ஏரி.

போகத் தோன்றினால் ஒரு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. பி.ஒய். என்று தொடங்கும் நம் வண்டிகளும் இதில் அடக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், வழியில் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாஸ் வேண்டாம், ஜன்னல் சீட்டுக்கு மட்டும் முண்டியடிக்க வேண்டும்.